தலை போன கசெட்டுகள்

மாத்தளைக் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் காணிப் பகுதிக்குப் போய் "தவமணி மிஸ்" என்று கேட்டால் யாரும் கையைக் காட்டிவிடுவார்கள். முழுப் பெயர் தவமணிதேவி. எங்கோ செருகிக் கிடக்கும் கோப்பைத் தேடி எடுத்துத் தருவதில் அவருக்கு நிகர் அவர்தான். ஆனால் அவரிடம் காரியம் முடித்துக்கொண்டு வெளியே வருகிறவர்களில் பாதிப் பேர் அவருடைய நெற்றிப் பொட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போவார்கள். புருஷன் போய் இத்தனை வருஷமாகிவிட்டது, இன்னும் என்ன இவ்வளவு பெரிய பொட்டு என்று. ஊருக்கு வேறு வேலை என்ன. போனவர் செத்துப்போனார் என்று இவர்களுக்கு யார் வந்து சொன்னார்கள்? தவமணிக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாத வரைக்கும் அவர் நம்பப் போவதுமில்லை.

கணவர் பெயர் சபாரத்தினம். தம்புள்ளைப் பாதையில் நாவுல நீர்ப்பாசன அலுவலகத்தில் படம் வரைகிறவர். வாய்க்காலையும் மதகையும் கோடு கோடாக வரைந்து தள்ளுகிற உத்தியோகம். இருவருடைய பெற்றோரும் வடக்கிலிருந்து அரசாங்க வேலைக்காக மாத்தளைக்கு வந்தவர்கள். இவர்கள் இங்கேயே பிறந்து வளர்ந்ததால் பேச்சு மலைநாட்டுப் பேச்சாகிவிட்டது. யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள் கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் ஊரில் எரிந்த வீடுகளில் இவர்கள் வீடும் ஒன்று. கட்டிய துணியோடு தப்பினார்கள். பிறகு பிறப்புச் சான்றிதழ், படித்த சான்றிதழ், காணி உறுதி என்று தாங்கள் தாங்கள்தான் என்பதை நிரூபிக்க நாயாய் அலைந்தார்கள். அந்த அலைச்சலில் சபாரத்தினத்துக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதுவானாலும் இரண்டு பிரதி. ஒன்று வீட்டில், மற்றது எரிக்க யாரும் வராத வீட்டில். எரிக்க யாரும் வராத வீடு என்றால் சிங்களவர் வீடுதான். கூட வேலை செய்த திலகரத்னவின் வீடு நாவுலவில் இருந்தது. அங்கே ஒரு பிஸ்கட் டின் போய்ச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் நம்முடைய ஆட்களில் பல பேருக்கு இப்படி ஒரு டின் எங்கேயாவது இருந்தது.

அடுத்த வருஷம் லண்டனில் இருந்த அண்ணர் ஞானசுந்தரம் வந்தபோது, தம்பிக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். ஸ்பெக்ட்ரம் என்று பெயர். கறுப்பாக, ரப்பர் பட்டன்களோடு, சாக்லட் பெட்டி அளவில் இருந்தது. டீவியில் வயரைச் செருகினால் எழுத்து தெரியும். எழுதிய புரோகிராமைச் சேமித்து வைக்கத் தனியாக ஒன்றும் வேண்டாம், பாட்டுப் பதிகிற சாதாரணக் கசெட் போதும். ஆனால் அந்தக் கசெட்டைப் போட்டுக் கேட்டால் பாட்டு வராது. காதைக் கிழிக்கிற ஒரு கிறீச்சல்தான் வரும். அந்தக் கிறீச்சல் கம்ப்யூட்டருக்கு மட்டும் புரியும்.

அதில் சபாரத்தினம் ஒரு கேம் எழுதினார். தம்புள்ளையில் மரக்கறி ஏற்றிய லொறி, தக்காளி அழுகுவதற்குள் மாத்தளை வந்து சேர வேண்டும். வழியில் யானை வரும், மாடு படுத்திருக்கும், பாலம் உடைந்திருக்கும், பொலிஸ் மறிக்கும். அவர் தினமும் பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போய்வந்த பாதைதான். வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்வார். லொறியையே கட்டியிருக்கலாமே, என்னை எதற்குக் கட்டினீர்கள் என்று அடுப்படியிலிருந்து தவமணி முணுமுணுப்பார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு கசெட் என்று அலுமாரித் தட்டு நிறைந்துகொண்டே போனது.

அண்ணர் ஒரு கசெட்டைக் கொண்டுபோய் லண்டனில் ஒரு சின்னக் கம்பனிக்குக் காட்டினார். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஒரு சஞ்சிகையில் விளம்பரம்கூடப் போட்டார்கள்: லொறி ஒன்று, யானை ஒன்று, கீழே "விரைவில்" என்ற சொல். அந்த விரைவில் வரவேயில்லை. கம்பனி மூடிப்போனது, அவர்களிடம் கொடுத்த கசெட்டும் அதோடு தொலைந்தது. சபாரத்தினம் சில நாட்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார். பிறகு இன்னும் நன்றாக எழுதிக் கொடுப்போம் என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கதவைச் சாத்திக்கொண்டார்.

எண்பத்தொன்பது கடைசியில் மாவட்டமே செத்த வீடு மாதிரி இருந்தது. ஆற்றில் பிணம், பாலத்தடியில் பிணம், ரோட்டோரத்தில் டயர் எரிந்த சாம்பல். இந்தத் தடவை அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பிய சிங்களப் பிள்ளைகளைத்தானே அள்ளிக்கொண்டு போகிறார்கள், நமக்கு ஒன்றுமில்லை என்று தமிழர்கள் தங்களுக்குள் மெதுவாகச் சொல்லிக்கொண்டார்கள். வெட்கக்கேடுதான், ஆனால் சொன்னார்கள். தவமணியும் சொன்னார். அப்படியிருக்கும்போது ஒரு நாள் நாவுல பஸ் சபாரத்தினம் இல்லாமல் வந்தது. இலக்கத் தகடு இல்லாத ஜீப் ஒன்று பஸ்ஸை மறித்துச் சிலரை இறக்கியது, அதில் அவரும் ஒருவர் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். ஏன் என்பது அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது.

தவமணி ஏறாத பொலிஸ் நிலையம் இல்லை, நிற்காத முகாம் வாசல் இல்லை. அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்பதுதான் எல்லா இடத்திலும் பதில். அப்போது பக்கத்து வீட்டு அந்தோனியம்மா ஓடிவந்து ஒரு செய்தி சொன்னார். பிடித்துக்கொண்டு போனவர்களின் வீடுகளைச் சோதிக்கிறார்களாம், உக்குவளைப் பக்கம் முடித்துவிட்டு இங்கே வருகிறார்களாம்.

அலுமாரி நிறையக் கசெட். எந்தப் பட்டாளத்துக்காரன் போட்டாலும் கிறீச் என்று கத்தும். இது ஏதோ இயக்கத்தின் ரகசியச் செய்தி என்று எழுதிவிட்டார்களென்றால் சபாரத்தினம் ஆயுசுக்கும் வெளியே வர மாட்டார். எரித்துவிடுங்கள் என்றார் அந்தோனியம்மா. அது முடியாது. நாளைக்கு ஆள் வந்து என் லொறி எங்கே என்று கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது?

ஆகவே தவமணி ஒரு தந்திரம் செய்தார். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு. அந்தோனியம்மா வீட்டு ரேடியோ கசெட் பெட்டியையும் வாங்கிவந்து, ஒன்றில் கோயிலில் வாங்கிய தேவாரத்தை ஓடவிட்டு, மற்றதில் கணவருடைய கசெட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, தொடக்கத்திலிருந்து ஒரு பதிகம் முடிகிற வரைக்கும் பதிந்தார். எவன் போட்டுக் கேட்டாலும் சாமிப் பாட்டு. மிச்சக் கிறீச்சல் பின்னால் பத்திரமாக இருக்கும், அவர் வந்து முன்பகுதியைச் சரிசெய்துகொள்வார் என்று எண்ணிக்கொண்டார். எந்தக் கசெட்டையும் போட்டுக் கேட்டுப் பார்க்கவில்லை. போட்டால் கிறீச்சல் தெருவுக்குக் கேட்டுவிடும் என்று பயம்.

அவர்கள் வந்தார்கள். இரண்டு மூன்று கசெட்டைப் போட்டுப் பார்த்தார்கள். தேவாரம் பாடியது, அப்படியே வைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பிறகு தவமணிக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தில் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. இதை அவர் வந்ததும் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தார்.

அவர் வரவில்லை. வருஷங்கள்தான் வந்தன. விசாரணைக் குழு ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று வந்தது. மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டால் அவருடைய பென்ஷன் இலகுவாக வரும் என்று கூட வேலை செய்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள்.

"ஆள காட்டட்டும், எடுக்கிறேன்" என்றார் தவமணி. "அவங்க கொண்டு போன ஆள நான் ஏன் சாகடிக்கணும்?"

திலகரத்ன ஒரு தடவை பஸ் ஏறி வந்து, டின்னைக் கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டார். அது அவர் கொடுத்து வைத்தது, அவரே வந்து எடுத்துக்கொள்வார் என்று தவமணி தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இரண்டாயிரத்து ஏழு முடிகிற நேரம் ஞானசுந்தரம் லண்டனிலிருந்து பேசினார். பழைய கம்ப்யூட்டர்களுக்கு எழுதப்பட்டு, வெளிவராமலே போன கேம்களைத் தேடித் திரிகிற ஒரு கூட்டம் அங்கே இருக்கிறதாம். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒருவர் பஸ் ஓட்டுகிறார், ஒருவர் பல் வைத்தியர். பழைய சஞ்சிகை விளம்பரங்களில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார்கள், எழுதினவர் வீட்டுப் பரணில் கசெட் கிடக்கிறதா என்று கேட்பார்கள், கிடைத்தால் அழியாதபடி எடுத்து உலகத்துக்கே பார்க்க வைப்பார்கள். அவர்களில் மார்ட்டின் என்ற வெள்ளைக்காரர் அந்த லொறி விளம்பரத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணர் வீடு வரைக்கும் வந்துவிட்டார்.

அன்றைக்குத் தவமணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சபாரத்தினம் இந்த உலகத்தில் இருந்தார் என்பதற்கு அவரிடம் என்ன இருந்தது? கல்யாணப் படங்கள் எண்பத்து மூன்றில் எரிந்துவிட்டன. வரைந்த வாய்க்கால் படங்களில் அவர் பெயர் இல்லை. அரசாங்கம் அப்படி ஒரு ஆள் இல்லை என்கிறது. அவர் தன் கையால் செய்தது அந்த லொறி ஒன்றுதான். அது ஓடினால், அதில் அவர் பெயர் வந்தால், இனி ஒருவனும் அப்படி ஒரு ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. தவமணி அதைப் பிடித்துக்கொண்டார்.

கசெட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு றஹீமின் கடைக்குப் போனார். பிரதான வீதியில் ஒரு காலத்தில் பாட்டுப் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்த கடை. இப்போது போட்டோக் கொப்பியும் இன்டர்நெட்டும். றஹீம் பழைய டேப்பை ஒரு வயரால் கம்ப்யூட்டரோடு கோத்து, பூஞ்சணம் பிடித்த நாடாவைத் துடைத்துத் துடைத்து, எல்லாவற்றையும் பதிந்து லண்டனுக்கு அனுப்பினார். ஒவ்வொன்றிலும் முதலில் தேவாரம் பாடியது, அது முடிந்ததும் கிறீச்சல் பாதியிலிருந்து தொடங்கியது. தேவாரம் எப்படி வந்தது என்று தவமணியாகவே சொன்னார்.

பதில் வந்தது. அண்ணர் சுற்றி வளைத்துத்தான் சொன்னார், ஆனாலும் விஷயம் ஒன்றுதான். இந்தக் கசெட்டுகளில் முன்பகுதிதான் உயிர். லொறி எப்படி ஓட வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. பின்னால் மிஞ்சியிருப்பது படங்களும் சத்தங்களும். எல்லாக் கசெட்டும் ஒரே மாதிரித் தலை போய்விட்டதால் ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் ஒட்டவும் வழியில்லை. வேறு கொப்பி ஏதும் இருக்கிறதா என்று மார்ட்டின் கேட்கிறார்.

அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நானே முடித்துவிட்டேன் என்று தவமணி உள்ளறையில் உட்கார்ந்து அழுதார். பட்டாளத்துக்காரன் கம்ப்யூட்டரை மட்டும்தான் கொண்டுபோனான். லொறியைக் கொன்றது அவர் கை. தேவாரத்தை வைத்துக் கொன்றார் என்பதை நினைக்க நினைக்கக் கோயிலுக்குப் போகவும் மனம் வரவில்லை. அந்தோனியம்மா வந்து சமாதானம் சொன்னார். எரிக்கச் சொன்னதும் இந்த மனுஷிதான் என்பது நினைவுக்கு வரவே, தவமணி அவரோடும் பேசவில்லை.

டின் நினைவுக்கு வந்தது சில நாட்கள் கழித்துத்தான். எதுவானாலும் இரண்டு பிரதி என்று சொல்கிற மனிதர் லொறியை மட்டும் ஒன்றாகவா வைத்திருப்பார்? இருந்தால் அங்கேதான் இருக்கும். ஆனால் அவரே வந்து எடுத்துக்கொள்வார் என்று இத்தனை வருஷம் சொல்லிவிட்டு, இப்போது தானே போய்க் கேட்பதா? போனால் என்ன அர்த்தம்? தவமணி பல நாட்கள் அதையே போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார். இன்னொரு மழைக்காலம் வந்தால் டின்னுக்குள் இருப்பதும் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று றஹீம் சொன்ன பிறகுதான் லீவு எழுதிக் கொடுத்தார்.

தம்புள்ளையில் பஸ்ஸில் குண்டு வெடித்து அதிக நாளாகவில்லை. ஏ ஒன்பது பாதையில் தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையோடு போவது லேசான காரியமில்லை. போகும்போதே இரண்டு இடத்தில் இறக்கி ஏற்றினார்கள். நாவுலவில் திலகரத்ன இல்லை, காலமாகிவிட்டார். அவர் மனைவி வாசலில் பொட்டைப் பார்த்ததும் ஆளை அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே போய் அலுமாரிக்கு மேலிருந்து டின்னை எடுத்துவந்து, திறந்தே பார்த்ததில்லை என்று சொல்லிக் கையில் கொடுத்தார். சான்றிதழ்களுக்கு அடியில் பொலித்தீனில் சுற்றிய கசெட் ஒன்று இருந்தது. வெளியே சபாரத்தினத்தின் எழுத்தில் "லொறி" என்றிருந்தது. தவமணி அதைப் பழையபடி சுற்றி டின்னுக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

திரும்பி வருகிற வழியில், மாத்தளையை நெருங்கும்போது, பஸ்ஸை மறித்தார்கள். இந்தத் தடவை ஆட்களை இறக்கவில்லை. பட்டாளத்துப் பையன் ஒருவன் ஏறி ஒவ்வொரு பையாகத் திறந்தான். டின்னைத் திறந்தான். தமிழ்ப் பெயருள்ள சான்றிதழ்களைப் பார்த்தான், பொலித்தீனைப் பிரித்தான், கசெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என்ன இது என்று கேட்டான். பதில் வரும் வரைக்கும் அவன் நிற்கவில்லை. போட்டுப் பார் என்று கசெட்டை முன்னால் டிரைவரிடம் கொடுத்துவிட்டான்.

டிரைவருக்குப் பக்கத்தில் பாட்டுப்போடும் பெட்டி தூசி பிடித்துக் கிடந்தது. அது நாடாவைத் தின்றால் கதை முடிந்தது. தின்னாமல் ஓடினால் கிறீச்சல் வரும், அதற்குப் பிறகு கசெட்டும் கிடைக்காது, தானும் வீடு போய்ச் சேருவது சந்தேகம். தவமணி எழுந்து முன்னால் ஓடினார். போட வேண்டாம், போட வேண்டாம் என்று சிங்களத்தில் கத்தினார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கீழே நின்ற வயதான பொலிஸ் சார்ஜன்ட் ஏறிவந்தார். அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார்.

கேம் என்றால் யார் நம்புவார்கள்? வாயில் எது வந்ததோ அதைச் சொன்னார் தவமணி. என்னுடைய கணவரின் குரல் இருக்கிறது, இத்தனை பேருக்கு முன்னால் அதைக் கேட்க என்னால் முடியாது என்றார்.

கணவர் எங்கே என்று கேட்டார் சார்ஜன்ட்.

யாரோ கொண்டுபோய்விட்டார்கள் என்று சொன்னால் யார், எப்போது, எதற்கு என்று கேள்வி நீளும். கொண்டுபோகப்பட்டவனின் கசெட்டை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். டிரைவரின் கை பெட்டியின் வாயருகே இருந்தது.

"மெருணா" என்றார் தவமணி. செத்துவிட்டார் என்று.

சார்ஜன்ட் அவரையும் பார்த்தார், அந்தப் பொட்டையும் பார்த்தார். டிரைவரிடமிருந்து கசெட்டை வாங்கித் தவமணியின் கையில் வைத்துவிட்டு, பையனைக் கூட்டிக்கொண்டு இறங்கிப்போனார். பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் நகர்ந்து இடம்விட்டு, முதுகைத் தடவிக்கொடுத்தார். மாத்தளை வரும் வரைக்கும் தவமணி தனக்குத்தானே ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டும் பொய். குரல் என்றது பொய், மற்றதும் பொய். தமிழில் கேட்டிருந்தால் அது வாயில் வந்தே இருக்காது. லொறிக்காகச் சொன்ன பொய்யைச் சபாரத்தினம் மன்னித்துவிடுவார்.

பஸ் நிலையத்திலிருந்து நேராக றஹீமின் கடைக்குப் போனார். றஹீம் நாடாவை விரலால் தடவிப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது, இடையில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஓட விடுவோம் என்றார். பட்டனை அமுக்கினார். கிறீச்சலுக்காக இருவரும் காத்திருந்தார்கள். யாரோ செருமுகிற சத்தம் கேட்டது.

"லொறி. இது நாவுலைக்குக் கொண்டு போற கொப்பி. தவம் சொன்ன மாதிரி யானைய சாகடிக்காம வழி விட்டிருக்கேன்."

வயரைச் செருகுகிற சத்தம் ஒன்று. அதற்குப் பிறகு கிறீச்சல் தொடங்கிவிட்டது.

இடையில் நிறுத்த முடியாது. அந்தச் சத்தம் முடிகிற வரைக்கும் தவமணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் றஹீம் பெரிய மூச்சு விட்டு, முழுசா வந்துவிட்டது அக்கா, தலை இருக்கிறது, இது ஓடும் என்றார். சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

"எல்லாக் கசெட்லயும் முன்னுக்கு இப்பிடித்தான் பேசி வச்சிருப்பாரு அக்கா. எது எந்தக் கொப்பின்னு தெரியணும்ல" என்று சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கதவைச் சாத்திக்கொண்டு சபாரத்தினம் பேசியிருக்கிறார். ஒவ்வொரு கசெட்டிலும் பேசியிருக்கிறார். லொறியைப் பற்றி, மாட்டைப் பற்றி, ஒருவேளை அடுப்படியில் முணுமுணுத்தவளைப் பற்றியும். தவமணி அத்தனைக்கும் மேலே தேவாரத்தைப் பதிந்து, அட்டையில் தேவாரம் என்று எழுதி அடுக்கி வைத்திருந்தார். எப்போதாவது ஒன்றையாவது போட்டுக் கேட்டிருந்தால் போதும்.

றஹீம் லண்டனுக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து முன்பே வந்திருந்த ஒரு கேள்வியைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். கேம் கிடைத்தால், அதை வைக்கிற பக்கத்தில் எழுதினவரைப் பற்றி நாலு வரி போடுவார்களாம். பெயர் தெரியும், ஊர் தெரியும். ஆள் இருக்கிறாரா, காலமாகிவிட்டாரா என்று மட்டும் தெரியவில்லையாம்.

"என்னன்னு எழுதட்டும் அக்கா?"

அந்தக் கேள்விக்குத் தவமணியிடம் எப்போதும் பதில் தயாராக இருந்தது. கச்சேரியிலும் விசாரணைக் குழு முன்னாலும் யோசிக்காமல் சொன்ன பதில். ஆனால் இன்றைக்குச் சார்ஜன்டிடம் சொன்ன இரண்டு பொய்யில் ஒன்று பொய்யில்லை என்று இப்போதுதான் காதாலே கேட்டார். அப்படியானால் மற்றதும் பொய்யில்லையோ? இருக்கிறார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.